காக்காப்போவுக்காக வேலை செய்யப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காக்காப்போ என்பது நியூசிலாந்தில் மட்டுமே வாழும், பறக்கத் தெரியாத கிளி. அதைக் காப்பாற்றும் பணியில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பெரும்பங்கு பறவையை விட்டுத் தள்ளியே நிற்பதுதான். பறவையோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு இது சரிப்படாது.

பெயர் ஏன் காக்கையை விரட்டுவது போல இருக்கிறது?

தற்செயல்தான். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் காக்கா என்றால் கிளி, போ என்றால் இரவு. இரவில் நடமாடும் கிளி என்று பொருள். தமிழ்க் காதுக்கு ‘காக்கா, போ!’ என்று கேட்பதால் ஒரு வசதி உண்டு. ஒரு முறை கேட்டால் மறக்காது.

ஆள் எப்படி இருப்பார்?

பாசி படர்ந்த பாறை போல இருப்பார். உடம்பெல்லாம் பச்சை, நடுநடுவே மஞ்சளும் கருப்பும். முகம் மட்டும் ஆந்தை போல. நன்றாக வளர்ந்த ஆண் 4 கிலோ வரை வரும். உலகக் கிளிகளில் இதுதான் கனமானது. இறக்கை இருக்கிறது, பறக்க உதவாது. மரத்தில் அலகாலும் காலாலும் பற்றி ஏறும். இறங்கும்போது இறக்கையை விரித்துத் தடுமாற்றத்தைச் சமாளிக்கும். தேன் வாடையும் பழைய மரப்பெட்டி வாடையும் கலந்தது போல ஒரு மணம் அதன் இறகில் உண்டு.

அந்த மணம்தான் அதற்கு எமன். மனிதர் வருமுன் நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர நிலத்துப் பாலூட்டி எதுவும் கிடையாது. கழுகு போன்ற வேட்டைப் பறவைகள் கண்ணால் தேடும். அவற்றிடமிருந்து தப்ப, ஆபத்து வந்தால் அசையாமல் நின்றாலே போதும். எலியும் பூனையும் மூக்கால் தேடுகின்றன. அவற்றின் முன்னால் அசையாமல் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எத்தனை மிச்சம்?

1995-ல் உலகம் முழுவதும் 51. 2022-ல் 252. அதன்பிறகு சிறிது குறைந்தது. ஒரு பெரிய கல்யாணப் பந்தியில் ஒரே நேரத்தில் உட்கார வைத்துவிடலாம்.

இந்த நிலைக்கு வந்தது எப்படி?

முதலில் மாவோரி மக்களோடு நாயும் எலியும் வந்தன. பிறகு ஐரோப்பியர்கள் வந்தார்கள். தாங்களே கொண்டுவந்துவிட்ட முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலத்தை அழித்ததும், அவற்றைப் பிடிக்க 1880-களில் ஸ்டோட் என்ற பிராணியை இறக்குமதி செய்தார்கள். பார்க்கக் கீரி போல இருக்கும், பறவை வேட்டையில் அதைவிடக் கெட்டி. பறவைகளுக்கு ஆபத்து என்று அப்போதே எச்சரித்தவர்கள் உண்டு, யாரும் கேட்கவில்லை.

ரிச்சர்ட் ஹென்றி என்ற மனிதரை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1894-ல் தெற்கே ரெசல்யூஷன் தீவின் காப்பாளராகப் போனார். நாயின் வாய்க்கு முகமூடி போட்டு, அதன் மூக்கை வைத்துக் காக்காப்போக்களையும் கிவிப் பறவைகளையும் தேடிப் பிடித்து, நூற்றுக்கணக்கில் படகில் ஏற்றித் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார். சில ஆண்டுகளிலேயே ஸ்டோட்கள் கடலை நீந்திக் கடந்து அங்கும் வந்துவிட்டன. ஆனால் அவர் போட்ட வழியில்தான் இன்றைய வேலை முழுக்க நடக்கிறது. எதிரி இல்லாத தீவு ஒன்றைத் தேடு, பறவையை அங்கே கொண்டுபோ.

1970-களில் தென்தீவின் தென்மேற்கு மூலையான ஃபியோர்ட்லாந்தின் மலைகளில் தேடியபோது கிடைத்தவை அத்தனையும் ஆண்கள். இனம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். 1977-ல் தென்தீவுக்குத் தெற்கே உள்ள ஸ்டூவர்ட் தீவில் இன்னொரு கூட்டம் இருப்பது தெரிந்தது. அங்கே பெண் பறவை உண்டு என்று உறுதியானது 1980-ல். பூனைகள் அதற்குள் வேட்டையைத் தொடங்கியிருந்தன. ஆகவே எல்லாவற்றையும் பிடித்துப் பூனை இல்லாத தீவுகளுக்கு மாற்றினார்கள். இன்று இருக்கும் காக்காப்போக்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் வாரிசுகள். ஃபியோர்ட்லாந்திலிருந்து தப்பி வாரிசு விட்டது ஒரே ஓர் ஆண். அதற்கு அந்தப் பழைய காப்பாளரின் பெயரையே வைத்தார்கள். ரிச்சர்ட் ஹென்றி என்ற அந்தப் பறவை 2010-ல் இறந்தது.

இப்போது எங்கே வாழ்கின்றன, யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

முக்கியமான இடம் ஸ்டூவர்ட் தீவுக்கு மேற்கே 3 கிலோமீட்டரில் இருக்கும் ஃபெனுவா ஹோ தீவு. ஃபியோர்ட்லாந்தில் ஆங்கர் தீவு, சாக்கி தீவு. வடக்கே ஆக்லாந்துப் பக்கம் ஹௌதுரு தீவு. நியூசிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையும் தென்தீவின் ஙாய் தாஹு என்ற மாவோரி மக்களும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். (நம் மொழியில் ஒரு சொல்லின் முதலில் வரவே தயங்கும் ங, அங்கே ஓர் இனத்தின் பெயரையே தொடங்கி வைக்கிறது.) ஙாய் தாஹு மக்களுக்குக் காக்காப்போ ஒரு சொத்து, முன்னோர் விட்டுப்போன பொருள். தன்னார்வலர் அங்கே விருந்தாளி என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தன்னார்வலரின் வேலை என்ன?

பெரும்பாலும் தீவனம் சுமப்பது. எல்லாப் பறவைக்கும் எப்போதும் தீனி வைப்பதில்லை. குறிப்பிட்ட பறவைகளுக்கு, குறிப்பிட்ட காலத்தில், அவற்றின் எல்லைக்குள் பெட்டி வைத்து, அதற்கென்றே தயாரித்த உருண்டைத் தீவனத்தைப் போடுவார்கள். பெட்டிகள் காட்டுக்குள் தூரதூரமாக இருக்கும். முதுகில் மூட்டையோடு காலையில் கிளம்பி, ஒவ்வொன்றாகத் திறந்து, மிச்சத்தை அளந்து குறித்து, பழையதை எடுத்து, பெட்டியைத் துடைத்து, புதிதைப் போட்டு மூட வேண்டும். மறுபடி மேடு, மறுபடி சேறு, அடுத்த பெட்டி.

இதில் என்ன பெரிய விஞ்ஞானம் என்று தோன்றும். உண்டு. முன்பு பெண் பறவைகளுக்குத் தாராளமாகத் தீனி வைத்தார்கள். நன்றாகச் சாப்பிட்டால் நிறைய முட்டை இடும் என்ற கணக்கு. முட்டைகள் வந்தன. ஆனால் குஞ்சுகளில் ஆண்களே அதிகமாக இருந்தன. உடல் எடை கூடிய தாய்க்கு ஆண் குஞ்சு பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது பிறகுதான் புரிந்தது. பெண்களே குறைவாக இருக்கும் ஓர் இனத்தில் இது எவ்வளவு பெரிய நஷ்டம்! அதற்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணின் எடையையும் பார்த்து, யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். 2002 பருவத்தில் 24 குஞ்சுகள் தேறின, பெண்களும் போதிய அளவில் வந்தார்கள். ஆகவே, பாவம் என்று ஒரு கை கூடப் போட்டுவிட்டு வருகிற தயாள குணம் அங்கே ஆபத்து. பாட்டி வீட்டுப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தீவனம் தவிர, கருவிகளுக்கான பேட்டரி சுமப்பது, பாதையில் விழுந்த கிளையை அகற்றுவது, குடிலைக் கூட்டுவது எல்லாம் உண்டு.

கூட்டுக்குக் காவல் இருப்பார்கள் என்று கேள்விப்பட்டேனே?

அது ஒரு காலத்தின் அழகான வேலை. காக்காப்போவில் தகப்பன் குடும்பப் பொறுப்பு எதுவும் ஏற்பதில்லை. அடைகாப்பதும் தாய்தான், இரை தேடுவதும் தாய்தான். இரவில் அவள் கூட்டை விட்டுப் போனால் முட்டை குளிர்ந்துவிடும் அல்லது குஞ்சு தனியாகக் கிடக்கும். அதனால் கூட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கூடாரம் போட்டு ஒருவர் இரவு முழுக்க விழித்திருப்பார். கூட்டு வாசலில் அகச்சிவப்புக் கதிர் இருக்கும். தாய் அதைத் தாண்டினால் கூடாரத்தில் மணி அடிக்கும். திரையில் கூட்டின் உள்ளே தெரியும். தாய் திரும்ப நேரமானால் மெல்லப் போய், சூடேற்றிய மெத்தையை முட்டையின் மேல் வைத்துவிட்டு வர வேண்டும். அவள் திரும்புவதற்குள் கூடாரத்துக்குள் போய்விட வேண்டும்.

இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் கருவிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு பறவையின் முதுகிலும் புத்தகப்பை போல ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர். எது எதோடு சேர்ந்தது, எது அடைகாக்கத் தொடங்கியது என்பது வரை அது சொல்லிவிடும். எண்ணிக்கை கூடக்கூட மனிதத் தலையீட்டைக் குறைப்பதே குறிக்கோள் என்பதால், கூடாரக் காவல் பழைய அளவில் இனி தேவைப்படாது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பறவைகளுக்கு இருக்காது.

எந்த ஆண்டிலும் போகலாமா?

ஆள் அதிகம் தேவைப்படுவது இனப்பெருக்கப் பருவத்தில். அதைத் தீர்மானிப்பது ரிமு என்ற மரம். ரிமு எல்லா ஆண்டும் ஒரே போலக் காய்ப்பதில்லை. இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை காடு முழுக்கக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அந்த ஆண்டில் மட்டுமே காக்காப்போ குடும்பம் நடத்தும். கிளையில் உருவாகும் இளங்காய்களை எண்ணி, அடுத்த பருவம் எப்போது என்று முன்கூட்டியே கணிக்கிறார்கள். 2019-ல் 70-க்கு மேற்பட்ட குஞ்சுகள் தேறின. அதுதான் அதுவரை இல்லாத பெரிய பருவம். அடுத்து 2022, அதற்கடுத்து 2026.

ரிமு காய்க்கும் ஆண்டின் கோடையில் ஆண்கள் மேட்டில் கிண்ணம் போலக் குழி தோண்டி உட்கார்ந்து, நெஞ்சை உப்பி, ‘பூம்… பூம்…’ என்று இரவெல்லாம் ஒலிப்பார்கள். பறையை மலைக்கு அந்தப் பக்கம் அடித்தால் கேட்பது போன்ற ஒலி, 5 கிலோமீட்டர் வரை போகும். தீவில் தங்கியவருக்குப் பறவை கண்ணில் படாமல் போகலாம், இந்த ஒலி காதில் விழாமல் போகாது.

பறவையைப் பார்க்கவே முடியாதா?

முடியலாம். பெரும்பாலும் தற்செயலாக, இருட்டில், ஒரு புதரின் அசைவாக. பிடிப்பது, எடை பார்ப்பது, டிரான்ஸ்மிட்டர் மாற்றுவது எல்லாம் பயிற்சி பெற்ற ரேஞ்சர்களின் வேலை. அருகிலிருந்து பிடித்துக்கொள்ளச் சொன்னால் அது உங்கள் அதிர்ஷ்டம், நீங்களாகக் கேட்கக் கூடாது.

மனிதர் அதிகம் பழகினால் என்ன ஆகும் என்பதற்குச் சிரோக்கோவே சாட்சி. 1997-ல் பிறந்த இந்த ஆணை, குஞ்சாக இருக்கும்போதே மூச்சுக் கோளாறு வந்ததால் கையில் வைத்து வளர்த்தார்கள். அது தன்னை மனிதன் என்றே நினைத்துக்கொண்டது. பெண் பறவைகளைத் திரும்பிப் பார்க்காது, மனிதர் நடக்கும் பாதை ஓரமாகவே குழி தோண்டி உட்கார்ந்து பூம் போடும். 2009-ல் படப்பிடிப்புக்கு வந்த ஒருவரின் தலைமேல் ஏறி அது செய்த வேலை உலகம் முழுக்கப் பரவியது. மறுவருடம் நியூசிலாந்து அரசு அதை இயற்கைப் பாதுகாப்பின் தூதராகவே அறிவித்துவிட்டது. பார்ப்பவருக்குச் சிரிப்பு, இனத்துக்கு ஓர் ஆண் நஷ்டம். அதனால்தான் இன்று கையில் வளர்க்கும் குஞ்சுகளைக் கூட்டமாகச் சேர்த்து வளர்த்து, முடிந்தவரை சீக்கிரம் காட்டுக்குத் திருப்புகிறார்கள்.

உயிரியல் பூங்காவில் வைத்துப் பெருக்கினால் என்ன?

கூண்டில் இந்தப் பறவை இனம் பெருக்கியதில்லை. இன்று எந்த உயிரியல் பூங்காவிலும் காக்காப்போ கிடையாது.

என்ன உடல்தகுதி வேண்டும்?

கனமான மூட்டையோடு நாள் முழுக்க, பாதை என்று சொல்ல முடியாத சரிவுகளில், நாள் கணக்கில் நடக்க முடிய வேண்டும். ஜிம் உடம்பைவிட முழங்கால் முக்கியம். கொடைக்கானலில் ஒருநாள் மலையேறிவிட்டு மறுநாள் படுத்துவிடுபவர் என்றால் ஆறு மாதம் பழகிவிட்டு விண்ணப்பிக்கலாம்.

ஃபியோர்ட்லாந்துப் பக்கம் என்றால் மழைக்கும் தயாராக வேண்டும். அங்கே மில்ஃபோர்டு சவுண்ட் என்ற கடல் நுழைவில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் பெய்யும். சென்னையில் ஓராண்டில் பெய்வதைப் போல நான்கு மடங்குக்கு மேல். அப்புறம் சாண்ட்ஃப்ளை என்ற கடிக்கும் பூச்சி. 1773-ல் டஸ்கி சவுண்டில் தங்கிய கேப்டன் குக்கே அதைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார். இன்றும் அதே பூச்சிதான், அதே புலம்பல்தான்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், ஆனால் உண்மையைச் சொன்னால் வாய்ப்பு குறைவு. இடம் சில, கேட்பவர் பலர். முன்பே அங்கே வேலை செய்து பழகியவர்களுக்கும், காட்டில் தங்கிப் பழகிய உள்ளூர்க்காரர்களுக்கும் முன்னுரிமை இருப்பது இயல்பு. அறிவிப்புகள் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் வரும். விண்ணப்பத்தில் பறவைப் பாசத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதைவிட, எத்தனை நாள் தொடர்ந்து காட்டில் இருந்திருக்கிறீர்கள், முதலுதவி தெரியுமா, முன்பின் தெரியாத நாலு பேரோடு ஒரே குடிலில் சண்டை போடாமல் இருக்க முடியுமா என்பதை எழுதுங்கள். சென்னைக் கடற்கரையில் இரவில் ஆமை முட்டை தேடி நடந்த அனுபவம் இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். இரவு விழிப்பு, விளக்கை அடக்கிப் பிடிப்பது, முட்டையைப் பதறாமல் கையாள்வது எல்லாம் அதில் அடங்கிவிடும்.

விசா விஷயத்தில் அவசரப்படக் கூடாது. சம்பளம் இல்லை என்பதாலேயே அது ‘வேலை’ ஆகாது என்று நினைக்க வேண்டாம். இலவசத் தங்குமிடமும் சாப்பாடும் கிடைத்தால் அதையும் வேலைக்கான கைம்மாறாகக் குடிவரவு விதிகள் கருதலாம். எந்த விசா பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள்.

காசு கட்டினால் அழைத்துப் போவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன்.

ஏமாற வேண்டாம். ஃபெனுவா ஹோ போன்ற தீவுகளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது.

கிளம்பும் முன் குவாரண்டைன் உண்டாமே?

உண்டு, அதை நான் இந்த வேலையின் பாதி என்பேன். தீவுக்குள் ஒரே ஒரு சினை எலி போனாலும் முப்பது ஆண்டு உழைப்பு கேள்விக்குறி ஆகிவிடும். அதனால் தெற்குத் தீவுகளுக்குப் போகுமுன் உங்கள் மூட்டை முழுவதும் மூடிய அறையில் பிரிக்கப்படும். பூட்ஸ் அடியில் மண், சாக்ஸில் ஒட்டிய புல் விதை, வெல்க்ரோ பட்டையில் சிக்கிய முள், கூடார மடிப்பில் ஒளிந்த சிலந்தி எல்லாம் தேடப்படும். சட்டைப் பையைத் தலைகீழாகத் திருப்பித் தட்டச் சொல்வார்கள். விதையும் மண்ணும் போலவே நோயும் ஒட்டிக்கொண்டு வரும்.

நோய் பற்றிய பயம் வீணல்ல. 2019-ல் அந்தப் பெரிய பருவத்திலேயே அஸ்பர்ஜில்லோசிஸ் என்ற பூஞ்சை நோய் நுரையீரலில் பரவி 9 பறவைகள் செத்தன. அது காற்றில் எங்கும் இருக்கிற பூஞ்சைதான், யாரும் கொண்டுபோய் விட்டதல்ல. ஆனாலும் எவ்வளவு சின்னக் காரணம் எவ்வளவு பெரிய அடி அடிக்கும் என்பதை அந்த ஆண்டு எல்லோரும் பார்த்தார்கள்.

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: கடுகு, வெந்தயம், கொத்தமல்லி விதை எல்லாம் முளைக்கக் கூடியவை. பொட்டலம் கட்டிக்கொண்டு போகாதீர்கள். தீவு இருக்கட்டும், விமான நிலையத்திலேயே சாப்பாட்டுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஏற்கெனவே நடந்து பழகிய பூட்ஸையும் அறிவிக்க வேண்டும். தாளிக்காமல் இரண்டு வாரம் சாப்பிட்டால் உயிர் போகாது.

தீவுக்கு இடம் கிடைக்கவில்லை. வேறு வழி?

என்னைக் கேட்டால் இதுதான் நல்ல கேள்வி. காக்காப்போ தீவில் அடைபட்டுக் கிடப்பதற்குக் காரணம், வட தீவு, தென்தீவு என்ற பெரிய நிலத்தில் எலியும் ஸ்டோட்டும் இருப்பது. 2023-ல் வட தீவில் மௌங்கதௌதரி என்ற மலையில், 47 கிலோமீட்டர் வேலி போட்டு எதிரிகளை அகற்றிய காட்டில், சில ஆண்களை விட்டுப் பார்த்தார்கள். பெரிய நிலத்தில் காக்காப்போ திரும்ப நடமாடியது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஆனால் இவர்கள் மரம் ஏறுவதில் கெட்டிக்காரர்கள் அல்லவா, சிலர் வேலியைத் தாண்டி வெளியே வந்துவிட்டார்கள். வெளியே எதிரி இல்லாமல் செய்தால்தான் இந்தக் கதை முன்னேறும். 2050-க்குள் எலி, ஸ்டோட், மரம் ஏறும் போசம் என்ற பிராணி எல்லாவற்றையும் நாட்டை விட்டே ஒழிப்பதாக நியூசிலாந்து 2016-ல் அறிவித்திருக்கிறது. அந்த வேலை ஊர் ஊராக, தெரு தெருவாக நடக்கிறது. ஆக்லாந்திலோ வெல்லிங்டனிலோ இருக்கும் தமிழர் ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் ஓர் எலிப்பொறி வைத்து வாராவாரம் பார்த்தாலே இதில் சேர்ந்தவர்தான்.

பறக்காத பறவையை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தகாஹேயைப் பாருங்கள். நீலமும் பச்சையும், சிவந்த தடித்த அலகும் கொண்ட, கோழி போன்ற பறவை. இனமே முடிந்தது என்று எழுதிவைத்த பிறகு 1948-ல் மலையில் கண்டெடுக்கப்பட்டது. ஆக்லாந்துக்கு அருகே திரிதிரி மாத்தாங்கி தீவு, வெல்லிங்டனில் ஸீலாண்டியா, டனீடனில் ஒரோகோனுய் ஆகிய இடங்களில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், தன்னார்வலராகவும் சேரலாம். திரிதிரியில் இன்று இருக்கும் காடு பெரும்பாலும் 1984 முதல் பத்தாண்டுகள் பொதுமக்கள் வந்து நட்ட லட்சக்கணக்கான மரக்கன்றுகள்.

நாட்டுக்கு வெளியே இருப்பவர்கள் பணம் அனுப்பலாம். பெயரளவில் ஒரு காக்காப்போவைத் தத்தெடுக்கும் திட்டமும் உண்டு. டிரான்ஸ்மிட்டர், தீவனம், ஹெலிகாப்டர் எல்லாம் காசு பிடிக்கிற விஷயம்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

காக்காப்போ தீவுகளுக்கு முடியாது. திரிதிரிக்குப் படகு இருக்கிறது. ஏறுமுன் அவர்களையே பையைத் திறந்து எறும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்கட் பாக்கெட்டில் கட்டாயம் ஒன்றாவது இருக்கும்.